ஆத்துல போட்டாலும் அளந்து போடு

(மதுரையில் உலக நுகர்வோர் உரிமை நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, நுகர்வோர் ஆணையத்தின் மேனாள் உறுப்பினர் அம்மா அவர்களே, வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் சுகாதாரத் துறை அலுவலர்களே, முன்வரிசையில் இருக்கும் மருத்துவர் பெருமக்களே, வணக்கம். வழக்கறிஞர் அண்ணனைத் தனியாகச் சொல்ல வேண்டும். மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்ன தீர்ப்பை எனக்கு வரிவரியாக வாசித்துக் காட்டியவர் அவர்தான். பொன்னாடைக்கும் நன்றி. மார்ச் மாத மதுரை வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டு பேச முடியாது, மன்னிக்கணும்.

மூன்று விஷயம் பேச வந்தேன். ஆஸ்பத்திரி ரேட்டு பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது, அதை யார் போய்ப் பார்ப்பது, காப்பீட்டு அட்டை வைத்திருப்பவருக்கு ஒரு ரேட்டும் கைக்காசு கட்டுபவருக்கு இன்னொரு ரேட்டும் ஏன். அதற்கு முன்னால் எங்கள் அக்கா கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பெரியம்மா மகள். மாட்டுத்தாவணியில் பூ வாங்கித் தெருத்தெருவாக விற்றவர். முழம் போடும்போது ஒரு விரற்கடை குறையாது, கூடவும் கூடாது. அவர் வாயில் எப்போதும் ஒரே பழமொழிதான்: ‘ஆத்துல போட்டாலும் அளந்து போடு.’ அவருக்குப் பித்தப்பையில் கல். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். எவ்வளவு ஆகும் என்று கவுன்ட்டரில் கேட்டோம். “அம்பதுக்குள்ள முடிஞ்சிரும்ணே” என்றார் அங்கே இருந்த தம்பி. மூன்றாம் நாள் வந்த பில் எண்பத்தேழாயிரம். நாலு பக்கம், அத்தனையும் ஆங்கிலம்.

கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தோம். அக்கா விடவில்லை. எட்டாவது படிக்கிற பேரனை உட்கார வைத்து வாசிக்கச் சொன்னார். அவன் எழுத்துக்கூட்டி, “கையுறை, முப்பத்தெட்டு ஜோடி” என்றான். “ஏன்டா, மூணு நாள்ல என்னையத் தொட்டதே ஏழெட்டுப் பேரு. முப்பத்தெட்டு ஜோடியா? கல்யாணப் பந்தியா நடந்துச்சு?” கடைசிப் பக்கத்தில் ‘மிஸலேனியஸ்’ என்று ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது. பையன் திணறினான். திணறிவிட்டு, “மிச்சம் இல்லேன்னு போட்டிருக்கு பாட்டி” என்றான். அதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை!

மறுநாள் பில்லோடு போய் நின்றார் அக்கா. உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து இரண்டாயிரத்து முந்நூறு குறைத்துக் கொடுத்தார்கள். ஆட்டோவில் வரும்போது அக்கா சொன்னது: “குறைக்கவா சொன்னேன்? எண்ணத்தானடா சொன்னேன்.”

சரி, சட்டத்துக்கு வருகிறேன். 2010-ல் மத்திய அரசு மருத்துவ நிறுவனங்கள் சட்டம் கொண்டுவந்தது. 2012 விதிகளின்படி, ஒவ்வொரு சிகிச்சைக்கும் என்ன கட்டணம் என்பதை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், வட்டார மொழியிலும் ஆங்கிலத்திலும், எழுதி வைக்க வேண்டும். ‘வட்டார மொழி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஆனால் அந்த மத்தியச் சட்டம் நம் மாநிலத்தில் நடப்பில் இல்லை, 1997-ல் போட்ட நம் தனிச் சட்டம்தான் இருக்கிறது. நமக்கும் தமிழ்ப் பலகை கட்டாயம் வேண்டும் என்பதே எங்கள் மனு. ரேஷன் கடையில் அரிசி இருப்பையும் விலையையும் பலகையில் எழுதுகிறோம். ஜிகர்தண்டாக் கடையிலும் சின்ன கிளாஸ், பெரிய கிளாஸ் விலை தொங்குகிறது. (ஆட்டோ மீட்டரைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.)

அரசு மனம் வைத்தால் நடக்கும். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு உள்ளே வைக்கிற சின்னக் குழாய்தான் ஸ்டென்ட். 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஸ்டென்ட் விலையை பில்லில் தனியாகக் காட்டவும் சொன்னார்கள். லட்சத்தைத் தாண்டி விற்ற சாமான் அது.

அமெரிக்காவைப் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் விலைப்பட்டியலை இணையத்தில் போட வேண்டும் என்று விதி. அபராதம் நாளுக்கு 300 டாலர். பெரிய ஆஸ்பத்திரிக்கு அது காபிச் செலவு, பலர் அசையவில்லை. 2022-ல் படுக்கை எண்ணிக்கைக்கு ஏற்ப நாளுக்கு 5,500 டாலர் வரை உயர்த்தினார்கள். அந்த ஜூனிலேயே ஜார்ஜியா மாநிலத்தில் இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு, இரண்டுக்கும் சேர்த்து, பத்து லட்சம் டாலருக்கு மேல் அபராதம். அபராதத்தையும் அளந்துதான் போட வேண்டியிருக்கிறது! ஆனால் அங்கே கேட்கிற முழுப் பட்டியல், கம்ப்யூட்டர் படிக்கிற கோப்பு. எங்கள் அக்காவுக்கு அந்தக் கோப்பும் ஒன்றுதான், இந்த ஆங்கில பில்லும் ஒன்றுதான்.

ஆகவே பலகை இருக்கிறதா என்று பார்க்கப் போகிற அலுவலர், அது எந்த மொழியில் இருக்கிறது என்றும் பார்க்கட்டும். பில்லும் தமிழில் வரட்டும். ‘கையுறை, இத்தனை ஜோடி’ என்று அச்சடிக்க எந்த மெஷினும் மறுக்காது. மருத்துவர்கள்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை, உயிரைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்கிறோம், அவ்வளவே.

நேரம் முடிந்தது என்று செயலாளர் இரண்டாவது சீட்டு நீட்டிவிட்டார். காப்பீட்டு அட்டை ரேட்டை இன்னொரு நாள் பேசுவோம். வாசல் மேஜையில் மனு இருக்கிறது. கையெழுத்தோடு ஊர்ப் பெயரையும் எழுதுங்கள். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் போகிறவர்கள் நகல் எடுத்துப் போகலாம். பேனா ஒன்றுதான் இருக்கிறது, போட்டுவிட்டு அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.