மச்சம் பார்த்த மணப்பெண்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, புரசைவாக்கத்துப் பெரியோர்களே, வணக்கம். பெண் பார்க்கும் படலம் இனித்தது அன்றா, இன்றா? நாங்க 'இன்று'.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "அன்னைக்கு சொஜ்ஜி பஜ்ஜி. இன்னைக்குப் பொண்ணும் பையனும் காபி ஷாப்புல பில்லைப் பாதிப் பாதி கட்டறாங்க. இது கல்யாணமா, கூட்டுறவு சங்கமா?"ன்னார். நீங்களும் கைதட்டினீங்க! ஐயா, உங்க காலத்துல முழு பில்லையும் கட்டினது யாரு? பொண்ணைப் பெத்தவர்! சொஜ்ஜியில ஆரம்பிச்சு ஸ்கூட்டர் வரைக்கும்! 1961லயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தாச்சு. அதுக்கப்புறமும் வாங்கினவங்க இந்த அரங்கத்துலயே... வேணாம், ஐயாவோட வீட்டம்மா முன்வரிசையில இருக்காங்க.

எங்க அத்தையைப் பொண்ணு பார்த்தது 1974ல. ஐயர் இல்லாம, சொந்தபந்தம் முன்னாடி மாலை மாத்தினாலே கல்யாணம் செல்லும்னு, அண்ணா முதல்வரா இருந்தப்ப, 1967லயே சட்டமன்றத்துல நிறைவேத்தியாச்சு. சட்டம் நிமிர்ந்திடுச்சு, எங்க அத்தை நிமிரலை! காபித் தட்டோட குனிஞ்சு வந்தாங்க. தெரிஞ்சது ஒரு கால். பெருவிரல்ல ஒரு மச்சம். "பிடிச்சிருக்கா?" "ம்." எதை? மச்சத்தை! மூணு மாசம் அந்த மச்சத்தோடயே மனசுக்குள்ள குடித்தனம். மச்சத்தோட மெரினா போனாங்க. மச்சத்தோட சண்டை போட்டாங்க. மச்சமே வந்து சமாதானமும் பேசிச்சு.

முகூர்த்த நாள். மாலை மாத்தும்போதும் குனிஞ்ச தலைதான். பார்க்கிறாங்க, வலது கால்ல மச்சத்தைக் காணோம்! சரி, இடது காலா இருக்கும். அங்கயும் இல்ல! அதுக்குள்ள கெட்டிமேளம் கொட்டி, மூணு முடிச்சும் விழுந்தாச்சு. பந்திக்குப் போனா, மச்சம் சாம்பார் வாளியோட ஓடிட்டிருக்கு! மாப்பிள்ளையோட சித்தப்பா மகனாம். "அண்ணி, சாம்பார்?"னு கேக்குது மச்சம்!

சிரிங்க. அத்தையும் சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்வாங்க.

மாமா தங்கமான மனுஷன். போன வருஷம் போயிட்டார். விடியவிடிய அவர் காலைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க அத்தை. ரெண்டு கட்டைவிரலையும் சேர்த்துக் கட்ட வந்தப்பதான் விட்டாங்க. "மச்சமில்லாத காலுடா. எனக்காக எவ்வளவு நடந்துச்சு தெரியுமா?"ன்னாங்க.

நடுவர் அவர்களே, மணி அடிச்சிடாதீங்க. போன மாசம் அத்தையோட பேத்தி, அண்ணா நகர்ல ஒரு பையனைப் பார்த்துப் பேசிட்டு வந்தா. பில்லு பாதிப் பாதிதான்! வாசல்லயே காத்திருந்த அத்தை, பையனுக்கு என்ன வேலைன்னு கேக்கலை, என்ன சம்பளம்னு கேக்கலை. பேத்தியோட முகவாயைத் தூக்கிப் பிடிச்சுக் கேட்டாங்க:

"நல்லா நிமிர்ந்து பார்த்தியாடி?"

வணக்கம்.