கூப்பிட்டால் போய்ப் பேசுங்கள்

(பாளையங்கோட்டையில் பிளஸ் டூ மாணவர்கள், பெற்றோர் முன்னிலையில் பேசியது)

பிள்ளைகளா, நம்ம ஊரில் இன்ஜினியரிங் சீட்டு என்றால் கட் ஆஃப்தான். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது, ஆக 200க்கு எவ்வளவு, அவ்வளவுதான் பேச்சு. 2007 முதல் நுழைவுத் தேர்வும் கிடையாது. உன்னைப் பற்றிச் சொல்லு என்று யாரும் கேட்பதே இல்லை. அதனால்தான் அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பித்த பிள்ளைக்கு ‘விருப்பமிருந்தால் இன்டர்வியூவுக்கு வரலாம்’ என்று மெயில் வந்ததும் வீடே பதறிப்போகிறது. கட்டாயம் இல்லையே, விட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள்.

விடாதீர்கள்.

எதிரே உட்காரப்போகிறவர் பெரும்பாலும் அதே கல்லூரியில் படித்து முடித்து, இப்போது சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கிற, சம்பளம் வாங்காமல் இதைச் செய்கிற ஒருவர். பல கல்லூரிகளில் உங்கள் மார்க்கைக்கூட அவரிடம் காட்டமாட்டார்கள். பேசி முடித்ததும் உங்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி அனுப்புவார். அந்தக் குறிப்பு குறைந்த மார்க்கைத் தூக்கிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மார்க் ஷீட்டில் இல்லாத ஒன்று உங்கள் ஃபைலுக்குள் போய்ச் சேருகிறதே, அதை ஏன் விடவேண்டும்? அழைப்பே வராவிட்டால் கலங்காதீர்கள், அமெரிக்காவின் எம்ஐடியில் உங்கள் பகுதிக்கு ஆள் கிடைக்காவிட்டால் இன்டர்வியூ இல்லாமலே பரிசீலிப்பார்கள், அதனால் நஷ்டம் இல்லை.

சரி, என்ன பேசுவது? பத்தமடைப் பிள்ளை ஒருத்தியிடம் ஓய்வு நேரத்தில் என்ன செய்வாய் என்று கேட்டால் “புத்தகம் படிப்பேன், பாட்டு கேட்பேன்” என்கிறாள். வீட்டில் ஆச்சி பாய் நெய்கிறவள்! தண்ணீரில் ஊறிய கோரையை எப்படிக் கிழிக்க வேண்டும், கொஞ்சம் தடித்துப்போனாலும் பட்டுப்பாய்க்கு ஏன் ஆகாது, எந்தச் சாயம் எப்படி ஏறும் என்று அவளுக்கு அத்தனையும் தெரியும். அதைப் பேசு தாயி! இங்கிலீஷ் தடுமாறினாலும் பரவாயில்லை, கையால் செய்து பார்த்ததைச் சொல்லும்போது வார்த்தை தானாக வரும். கேட்கிறவரும் அடுத்த கேள்வியை ஆசையாகக் கேட்பார்.

இதற்கென்று கோச்சிங் வைத்துப் பணம் பிடுங்குகிறவர்களிடம் போகாதீர்கள், மனப்பாடம் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: பிள்ளை ஜூமில் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக்கொடுக்காதீர்கள், அடுத்த அறைக்குப் போய்விடுங்கள்.

அப்புறம், மெயில் ஸ்பாமுக்குள் போயிருக்கும், அங்கேயும் பாருங்கள். வந்த அன்றைக்கே பதில் போடுங்கள். பேசுகிறவர் நியூயார்க்கில் இருந்தால் குளிர்காலத்தில் நாம் பத்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், நமக்கு இரவு எட்டு என்றால் அவருக்குக் காலை ஒன்பதரை. எந்த ஊர் நேரம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.