மசாய் மாரா டென்ட் கேம்ப்: கொடுக்கும் காசு எங்கே போகிறது?

[காட்சி: புல்வெளி, ஆற்றோரம் காக்கி நிறக் கூடாரங்கள்]

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குப் பகுதியில் நல்ல டென்ட் கேம்ப் என்றால் ஒரு ராத்திரிக்கு ஆளுக்குப் பல நூறு டாலர், சீசனில் ஆயிரத்தையும் தாண்டும். போட்டோவில் குளியல் தொட்டியையும் சரவிளக்கையும் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். கேம்ப் யாருடைய நிலத்தில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

[காட்சி: வரைபடம்]

மாரா தேசியக் காப்பகம் சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். அதை ஒட்டியே மாரா நார்த், நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி என்று கன்சர்வன்சிகள், அதாவது காப்பகத்துக்கு வெளியே விலங்குகளுக்காக விட்டுவைத்த நிலங்கள், இருக்கின்றன. அந்த நிலம் உள்ளூர் மசாய் இனக் குடும்பங்களுக்குச் சொந்தம், கேம்ப்காரர்கள் அவர்களுக்குக் குத்தகை கட்டுகிறார்கள், அந்த வருமானம் இருப்பதால்தான் நிலம் வேலியும் வயலுமாகத் துண்டாகாமல் விலங்குகளுக்கு மிஞ்சுகிறது. எனக்கு இதுதான் பெரிய விஷயம். இன்னொரு லாபமும் உண்டு: காப்பகத்துக்குள் இருட்டிய பிறகு சவாரி கிடையாது, கன்சர்வன்சியில் ராத்திரியும் போகலாம், கைடோடு நடந்தும் போகலாம், ஒரே சிங்கத்தைச் சுற்றி வண்டிகள் மொய்க்காது.

[காட்சி: கூடாரத்தின் உள்ளே]

சரி, உள்ளே வருவோம். மரத்தளம், பெரிய கட்டில், ஃப்ளஷ் டாய்லெட் எல்லாம் உண்டு, மின்சாரம் பெரும்பாலும் சோலார். பல கேம்ப்களில் வெந்நீர் குழாயில் வராது. நேரம் சொல்லி வைத்தால் ஆள் வந்து பின்பக்கம் வாளியில் ஊற்றி, கயிற்றை இழுத்து மேலே ஏற்றுவார், அந்த ஒரு வாளிக்குள் சோப்பு, ஷாம்பு எல்லாம் முடிந்தாக வேண்டும். பூமத்திய ரேகைப் பக்கம்தானே என்று நினைக்காதீர்கள், இடம் 1,500 மீட்டருக்கு மேல், விடிகாலையில் நன்றாகக் குளிரும். படுக்கும்போது போர்வைக்குள் சூடாக ஏதோ காலில் தட்டினால், அது அவர்கள் வைத்துவிட்டுப் போன வெந்நீர்ப் பை.

[காட்சி: இரவு, டார்ச் வெளிச்சம்]

பெரும்பாலான கேம்ப்களுக்கு வேலி இல்லை. இருட்டியதும் சாப்பிடப் போகவும் திரும்பி வரவும் காவலர் டார்ச்சோடு கூட வருவார், தனியாக ஓரடி கூட வைக்காதீர்கள், ஏனென்றால் ஆற்றோரக் கேம்ப் என்றால் நீர்யானைகள் ராத்திரி கரையேறிக் கூடாரத்துக்குப் பக்கத்திலேயே மேயும், புல்லை அவை வெடுக்கென்று பிடுங்கி மெல்லும் சத்தம் துணிக்கு அந்தப் பக்கமே கேட்கும். அப்புறம் ஜிப்பை அடிவரை மூடுங்கள், பிஸ்கட் கூட உள்ளே வைக்காதீர்கள், குரங்குகள் விடாது.

[காட்சி: மாரா ஆறு]

வில்டபீஸ்ட் (மாடு போலிருக்கும் பெரிய மான் வகை) கூட்டம் ஆற்றைக் கடப்பதைப் பார்க்க ஜூலை முதல் அக்டோபர் வரை சரியான காலம். ஆனால் 2024-இலிருந்து வெளிநாட்டவருக்குக் காப்பகக் கட்டணம் ஜூலை–டிசம்பரில் நாளொன்றுக்கு 200 டாலர், ஜனவரி–ஜூனில் 100. சிங்கமும் சிறுத்தையும் வருஷம் முழுக்க அங்கேயே இருப்பவை, அவை போதும் என்றால் பிப்ரவரியில் போங்கள். நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து போகும் குட்டி விமானங்களில் கைப்பையும் சேர்த்து 15 கிலோதான், அதுவும் மெத்தென்ற துணிப்பை. இந்தியாவிலிருந்து போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டு, சான்றிதழைப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரும்போதும் கேட்பார்கள்.