புழுதிக்குள் விதை

நேயர்களுக்கு வணக்கம்.

இந்தோனேசியாவின் ஜாவா தீவு என்றதும் தண்ணீர் நிறைந்த வயலும், மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் பசுமையும்தான் நினைவுக்கு வரும். இன்று நான் சொல்லப்போகும் ஊரில் அப்படி ஒரு வயல்கூட இல்லை. யோக்யகர்த்தா நகரிலிருந்து தென்கிழக்கே மலையேறிப் போனால் குனுங் கிடுல் மாவட்டம் வரும். தெற்கு மலை என்று அர்த்தம். அதன் தென்பகுதியில், சுண்ணாம்புப் பாறைக் குன்றுகளுக்கு நடுவே அறுபது எழுபது வீடுகள் உள்ள ஒரு சிற்றூரில், ஒரு வெள்ளாமைக் காலம் முழுக்கத் தங்கியிருந்தேன்.

மழை குறைந்த சீமை என்று நினைத்துவிடாதீர்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 2000 மில்லிமீட்டர் பெய்கிறது. ஆனால் பெய்தது தங்காது. சுண்ணாம்புப் பாறை முழுக்க ஓட்டை. விழுந்த நீரெல்லாம் உள்ளே இறங்கி, பூமிக்கு அடியில் ஆறாக ஓடி, இந்தியப் பெருங்கடலில் கலந்துவிடுகிறது. தரைக்கு மேலே ஓடும் ஆறு அந்தப் பக்கம் கிடையாது. பள்ளங்களில் மழைநீர் தேங்கும் குட்டைகள் உண்டு, தெலாகா என்பார்கள். கோடை நடுவில் அவற்றில் பல வற்றிவிடும். அப்புறம் லாரித் தண்ணீர்தான். தண்ணீர் வாங்க ஆட்டை விற்பது அங்கே வழக்கமான செய்தி.

காலுக்குக் கீழே ஆறு ஓடுகிறது, குடத்தில் நீர் இல்லை. இதைச் சரிசெய்யத்தான் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழகப் பொறியாளர்களும் இந்தோனேசியர்களும் சேர்ந்து, பிரிபின் குகைக்குள், ஏறக்குறைய 100 மீட்டர் ஆழத்தில், நிலத்தடி ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டினார்கள். ஆற்றின் விசையே பம்பைச் சுற்றித் தண்ணீரை மேலே தள்ளும். அருமையான வேலை. ஆனாலும் குழாய் எட்டாத ஊர்கள் இன்னும் இருக்கின்றன.

இப்படிப்பட்ட நிலத்தில் எப்படி விவசாயம்? முழுக்க மானாவாரிதான். நான் அசந்துபோனது விதைப்பைப் பார்த்துத்தான். அக்டோபரில், வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாத நாளில், காய்ந்த புழுதியில் குழி போட்டு நெல் விதைக்கிறார்கள். நம் புழுதி விதைப்பேதான். அவர்கள் மொழியில் ஙாவு-ஆவு. ஆவு என்றால் சாம்பல். மண் அவ்வளவு பொடியாக இருக்கும். மழை வந்த பிறகு விதைத்தால் காலம் தவறிவிடும், அடுத்த பயிருக்கு ஈரம் மிஞ்சாது. அதனால் விதை முன்னே போய்க் காத்திருக்க வேண்டும். ஒரு மழை பெய்து முளைத்து, அடுத்த மழை வராமல் போனால் முளை கருகும். திரும்பவும் விதை வாங்கி விதைக்க வேண்டும். முன்பெல்லாம் காற்றையும் மரங்களின் துளிரையும் பார்த்து நாள் குறிக்கும் பழைய ஜாவானியக் கணக்கு ஒன்று இருந்தது. பன்னிரண்டு பருவமாக ஆண்டைப் பிரிப்பார்கள். இப்போது அந்தக் கணக்கு அடிக்கடி தப்புகிறது என்று பெரியவர்கள் வருத்தப்படுகிறார்கள்.

ஒரே துண்டு நிலத்தில் நெல், மக்காச்சோளம், ஓரத்தில் மரவள்ளி. நெல் அறுத்ததும் நிலக்கடலை. கடைசியில் ஆடி, ஆவணி வாக்கில் மரவள்ளியைப் பிடுங்கி, தோல் சீவி, வெட்டிப் பாறை மேல் காயப்போடுவார்கள். அந்த வற்றலுக்கு காப்லெக் என்று பெயர். அதை இடித்து மாவாக்கி ஆவியில் வேகவைத்தால் திவுல். அந்த மக்களைப் பல தலைமுறை உயிரோடு வைத்திருந்தது இந்தத் திவுல்தான். 1963இல் ஒரு கொடும் பஞ்சம் வந்தது. அதை காபெர் காலம் என்று சொல்கிறார்கள். மாவு பிழிந்த பிறகு மிஞ்சும் மரவள்ளித் திப்பிதான் காபெர். அதைத் தின்று பிழைத்திருக்கிறார்கள். நான் தங்கிய வீட்டுத் தாத்தாவை ஊரே ம்பா என்று கூப்பிடும். அவர் ஒருநாள் சொன்னார்: "தம்பி, அப்போ திவுல் சாப்பிடுறதை வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லவே வெட்கப்படுவோம். இப்போ அதைத் தேங்காய் போட்டு, வெல்லம் போட்டு, பெட்டியில வச்சுக் கடையில விக்கிறாங்க."

அந்தக் காலத்துப் புகைப்படங்களில் குன்றுகள் மொட்டையாக இருக்கும். இன்று எங்கு பார்த்தாலும் தேக்கு. காட்ஜா மாடா பல்கலைக்கழகம் 1960களிலிருந்து வனகாமா என்ற இடத்தில் தரிசுப் பாறையில் காடு வளர்த்துக் காட்டியது. அரசும் நாற்று கொடுத்தது. ஆனால் கல்லைப் பொறுக்கி வரப்புச் சுவராக அடுக்கி, அந்தக் கைப்பிடி மண்ணில் மரம் நட்டவர்கள் அந்த விவசாயிகள்தான். அவரவர் நிலம், அவரவர் மரம். எப்போது வெட்டுவீர்கள் என்று கேட்டேன். 'தெபாங் புத்துஹ்' என்றார் ம்பா. தேவைக்கு வெட்டு என்று அர்த்தம். மகள் கல்யாணம், பேரன் படிப்பு, ஆஸ்பத்திரிச் செலவு, இப்படி ஏதாவது வந்தால் இரண்டு மரம் சாயும். இடைப்பட்ட தேவைக்குக் கொட்டிலில் நிற்கும் மாடு. கோடையில் மாட்டுக்கு வைக்கோல் வாங்கியே பாதிப் பணம் போகும், இருந்தாலும் மாட்டை விடமாட்டார்கள். வங்கிப் புத்தகத்தைவிட அதைத்தான் நம்புகிறார்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது.

சரி, இனி அந்த ஊரின் எதிர்காலம் என்ன?

இந்தோனேசியாவின் 2023 வேளாண் கணக்கெடுப்புப்படி, அரை ஹெக்டேருக்கும் குறைவாக, அதாவது ஒன்றேகால் ஏக்கருக்கும் குறைவாக, நிலம் வைத்துப் பயிர் செய்யும் குடும்பங்கள் சுமார் 1 கோடியே 69 லட்சம். பத்தில் ஆறு விவசாயக் குடும்பம் இந்தக் கணக்கில் வருகிறது. இவர்களுக்கு அங்கே உள்ள பெயர் 'பெத்தானி குரெம்'. குரெம் என்றால் கோழிப்பேன். இந்தப் பெயர் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. நாட்டுக்குச் சோறு போடுகிறவர்களை அரசாங்கத் தாளில்கூட இப்படி எழுதலாமா?

ஒன்றேகால் ஏக்கர் பாறைக்காட்டை நம்பி எந்தப் பிள்ளை ஊரில் இருப்பான்? பள்ளி முடித்ததும் ஜகார்த்தாவுக்குப் போய்விடுகிறார்கள். குனுங் கிடுலிலிருந்தும் பக்கத்து வோனோகிரியிலிருந்தும் போனவர்கள் அந்த நகரத்தின் தெருக்களில் பக்சோ என்ற இறைச்சி உருண்டை சூப்பும் நூடுல்சும் விற்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் ஊரில் ஓடு போட்ட வீடு எழும்புகிறது. காட்டில் வேலை செய்கிறவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள். அறுவடை முடிந்து ரசூலான் என்ற ஊர்த் திருவிழா வரும்போது எல்லோரும் திரும்பி வருவார்கள். விடிய விடிய நிழற்பாவைக்கூத்து நடக்கும், அர்ஜுனனும் பீமனும் வருவார்கள். இரண்டு நாளில் ஊர் மறுபடி அமைதியாகிவிடும்.

ஆனால் நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. 2014இல் வந்த கிராமச் சட்டம் பெரிய மாற்றம். 2015இலிருந்து ஏறக்குறைய 75,000 கிராமங்களுக்கு மத்திய அரசின் நிதி நேரடியாகப் போகிறது. எதற்குச் செலவு என்று ஊர்க்கூட்டம் பேசி முடிவு செய்ய வேண்டும். நான் உட்கார்ந்திருந்த ஒரு கூட்டத்தில் சிமெண்டு ரோடா, தண்ணீர்த் தொட்டியா என்று இரவு பதினொரு மணி வரை வாதம். பெண்கள் விடாமல் பேசித் தொட்டியை வாங்கினார்கள்.

இதே மாவட்டத்தின் வடபக்கம் ங்லாங்கெரான் என்ற கிராமம் இருக்கிறது. பழைய எரிமலைப் பாறையைப் பார்க்க வருகிறவர்களை ஊர் இளைஞர்களே கவனித்துக்கொள்கிறார்கள். கூட்டம் அளவுக்கு மீறியபோது கட்டணத்தை உயர்த்திக் கூட்டத்தைக் குறைத்தார்கள். ஆட்டுப்பாலும் கொக்கோவும் உள்ளூரிலேயே பண்டமாகின்றன. 2021இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பு உலகின் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாக அதைத் தேர்ந்தெடுத்தது. எல்லா ஊரிலும் எரிமலை இல்லை என்பது உண்மைதான். ஆனால் வருமானம் ஊர்க்காரர் கையில் நிற்பதற்கு வழி உண்டு என்பதை அவர்கள் காட்டிவிட்டார்கள்.

எனக்குக் கவலை நிலத்தைப் பற்றித்தான். தென்கடலோரம் புதிய நெடுஞ்சாலை வந்திருக்கிறது. கடல் தெரியும் குன்றுகளுக்கு நகரத்தார் விலை கேட்கிறார்கள். மரத்தை விற்றால் மறுபடி நடலாம். நிலம் கைமாறினால், ஜகார்த்தாவில் வண்டி தள்ளுகிற பையனுக்குத் திரும்பிவர ஓர் இடம் இருக்காது. கிராம நிதியிலிருந்து ஒரு பங்கு, அந்த நிலத்தை விற்காமல் பிழைக்கும் வழிகளுக்குப் போக வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

போன அக்டோபரில் ம்பாவோடு போனில் பேசினேன். மழை இன்னும் வரவில்லையாம். "விதையைப் புழுதியில போட்டாச்சு தம்பி" என்றார். விதைக்க ஆள் கிடைத்ததா என்று கேட்டேன். மகன் பத்து நாள் லீவு போட்டு வந்திருந்தானாம். வண்டியைக் கூட்டாளியிடம் விட்டுவிட்டு வந்து, நாலு பக்கமும் குழி போட்டு முடித்துவிட்டு, நேற்று இரவுப் பேருந்தில்தான் கிளம்பினானாம். களையெடுப்புக்குத் திரும்ப வருவதாகச் சொல்லியிருக்கிறானாம்.

வணக்கம்.