தண்ணிக்குள்ள மூழ்குற பாறை மேல 35 மீட்டர் டவர்! பெல் ராக் கலங்கரை விளக்கம்

வணக்கம் மக்களே! ஸ்கிரீன்ல தெரியுற இந்த டவரை நல்லா பாருங்க. சுத்தி தீவும் இல்ல, கரையும் இல்ல, நேரா கடல்லேர்ந்து முளைச்ச மாதிரி நிக்குது. ஸ்காட்லாந்தோட கிழக்குக் கரையில ஆர்ப்ரோத்னு ஒரு ஊர், அங்கேர்ந்து சுமார் 18 கிலோமீட்டர் கடலுக்குள்ள இருக்கு இந்த பெல் ராக்.

உண்மையில கீழ ஒரு பெரிய பாறை இருக்கு. கடல் வத்தும்போது மட்டும் சில மணி நேரம் வெளிய தெரியும், ஏத்தம் வந்துட்டா தண்ணிக்குள்ள போயிடும். கப்பல்காரனுக்கு இதைவிட மோசமான இடம் இருக்க முடியாது, ஏன்னா பாறை இருக்கிறது கண்ணுக்கே தெரியாது. 1804-ல யார்க்ங்கிற போர்க்கப்பல் கிட்டத்தட்ட 500 பேரோட காணாமப்போச்சு, இந்தப் பாறையிலதான் மோதியிருக்கும்னு நம்புறாங்க. அதுக்கப்புறம்தான் பார்லிமென்ட் அசைஞ்சு 1806-ல கட்டுறதுக்கு சட்டம் போட்டுச்சு.

1807 ஆகஸ்ட்ல வேலை ஆரம்பம். சைட்ல நின்னது ராபர்ட் ஸ்டீவன்சன், தலைமை இன்ஜினியர்னு பேர் ஜான் ரென்னிக்கு. யாருக்கு எவ்வளவு கிரெடிட்னு இன்னைக்கும் சண்டை ஓடுது, ஆனா அந்தப் பாறையில நனைஞ்சுக்கிட்டு நின்னவர் ஸ்டீவன்சன்தான், என் ஓட்டு அவருக்கே.

இப்ப வேலை எப்படி நடந்திருக்கும்னு யோசிங்க. தண்ணி வத்துனதும் இறங்கணும், பிக்காசால பாறையைக் கொத்தணும், கொத்தக் கொத்த முனை மழுங்கும், அதைத் தீட்ட பாறை மேலயே ஒரு கொல்லு உலை வச்சிருந்தாங்க, கொல்லர் துருத்தி ஊதிக்கிட்டே இருப்பார், திடீர்னு ஒரு அலை வந்து நெருப்பை அணைச்சுட்டுப் போயிடும். ரெண்டு மணி நேரம் வேலை கிடைச்சாலே பெரிய விஷயம்.

அந்த செப்டம்பர்ல நடந்ததை சொல்லியே ஆகணும். பாறையில 32 பேர் வேலை பாக்குறாங்க, பக்கத்துல கட்டியிருந்த கப்பல் காத்துல நங்கூரம் விட்டு நகர்ந்து தூரமா போயிடுச்சு, மிச்சம் இருக்கிறது ரெண்டே ரெண்டு போட், அதுல எல்லாரும் ஏற முடியாது. தண்ணி ஏறிக்கிட்டே வருது. ஒவ்வொருத்தரா வேலையை நிறுத்திட்டு ஒண்ணுமே பேசாம வந்து ஸ்டீவன்சனைப் பாத்து நிக்குறாங்க. ஏதாவது சொல்லலாம்னு ஸ்டீவன்சன் வாயைத் திறக்குறார், நாக்கு ஒட்டிக்கிச்சு, பேச்சே வரல. குனிஞ்சு பாறைக்குழியில கிடந்த கடல் தண்ணியை அள்ளி வாயில ஊத்திக்கிறார். நிமிரும்போது யாரோ "போட்! போட்!"னு கத்துறாங்க. ஆர்ப்ரோத்லேர்ந்து லெட்டர் கொண்டுவந்த ஜேம்ஸ் ஸ்பிங்க்கோட படகு! இதை அவரே பின்னாடி எழுதி வச்சிருக்கார், எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும்.

இதுக்கப்புறம் பாறையிலேயே உசரமான கால் வச்சு மரக்கூண்டு ஒண்ணு கட்டிமுடிச்சாங்க, பிறகு ஆளுங்க அதுலயே தங்கி வேலை பாத்தாங்க.

சரி, டவருக்கு வருவோம். அடி அகலம் சுமார் 13 மீட்டர், மேல போகப்போக குறுகி நாலரை மீட்டர். இந்த வளைவு, ஜான் ஸ்மீட்டன்ங்கிற இன்ஜினியர் 1759-ல இங்கிலாந்துப் பக்கம் எடிஸ்டோன் பாறையில கட்டுன கலங்கரை விளக்கத்தைப் பாத்து வந்தது, அவர் அதை ஓக் மரத்தோட அடித்தூரைப் பாத்து எடுத்தார். அடி கனமா இருந்தா அலை மோதினாலும் மொத்த எடையும் கீழயே பிடிச்சு நிக்கும். அதனாலதான் முதல் 9 மீட்டருக்கு உள்ள ரூமே கிடையாது, முழுக்க கல்.

மொத்தம் 2,835 கல்லு. கீழ வெளிப்பக்கம் கிரானைட், உள்ளயும் மேலயும் மணற்கல். மரப்பெட்டி மூலையில ஆசாரி பல்லு பல்லா அறுத்து ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோர்ப்பாரே, அதே மாதிரி கல்லைச் செதுக்கி கோர்த்திருக்காங்க. எல்லாத்தையும் ஆர்ப்ரோத் யார்டுல முதல்ல அடுக்கிப் பாத்து, நம்பர் போட்டு, அப்புறம்தான் கப்பல்ல ஏத்துனது. யார்டுலேர்ந்து துறைமுகம் வரை அத்தனை கல்லையும் இழுத்தது பாஸ்ஸின்னு ஒரே ஒரு குதிரை!

எனக்கு ரொம்பப் பிடிச்சது உள்ள இருக்கிற தளங்கள். ஸ்மீட்டன் வளைவா போட்டார், வளைவு சுவரை வெளிப்பக்கம் தள்ளும், அதனால சுவருக்குள்ள இரும்புச் சங்கிலி சுத்த வேண்டியதாச்சு. ஸ்டீவன்சன் தளக்கல்லை சுவருக்குள்ளயே நீட்டி சுவரோட ஒரு பாகமா ஆக்கிட்டார், இப்ப தளமே சுவரை உள்பக்கம் இழுத்துப் பிடிக்குது. எவ்வளவு அழகான யோசனை!

1811 பிப்ரவரி 1, முதல் தடவை விளக்கு எரிஞ்சுது, சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி. 1988-ல கடைசி காவலர்கள் இறங்கிட்டாங்க, இப்ப எல்லாம் ஆட்டோமேட்டிக்.

ஆர்ப்ரோத் கரையில 1813-ல ஒரு சிக்னல் டவர் கட்டுனாங்க, காவலர்களோட குடும்பம் அங்க இருந்துச்சு. டவர்ல இருக்கிற அப்பாவுக்கு குழந்தை பொறந்தா கரையில கொடிக்கம்பத்துல, பையன்னா பேன்ட், பொண்ணுன்னா பாவாடை ஏத்துவாங்களாம். அவர் தூரத்துலேர்ந்து டெலஸ்கோப் வச்சுப் பாத்துக்குவாராம். அந்தக் கட்டடம் பின்னாடி மியூசியமா மாறுச்சு, ஆர்ப்ரோத் போனா கண்டிப்பா பாருங்க.