மசாலா பாட்டிலுக்குப் பெயர் இல்லை

[காட்சி: சிங்கப்பூரில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுச் சமையலறை. அலமாரியில் வரிசையாகக் கண்ணாடி பாட்டில்கள்.]

வணக்கம். இந்த அலமாரியைச் சற்று உற்றுப் பாருங்கள். மல்லித்தூள், மிளகாய்த்தூள், சாம்பார்ப் பொடி, மீன் குழம்பு மசாலா. தேக்கா சந்தையிலிருந்து பொட்டலம் வீட்டுக்கு வந்ததும் அதன் வாயைக் கத்தரித்து, தூளை பாட்டிலில் கொட்டி, வெறும் பொட்டலத்தைக் குப்பைக் குழாயில் தள்ளிவிடுவது என் அம்மாவின் வழக்கம். பாட்டிலில் பழைய தூள் கால்வாசி கிடந்தால், அதன் தலையிலேயே புதியதும் விழும். உங்கள் வீட்டிலும் இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

2024 ஏப்ரலில் சிங்கப்பூர் உணவு அமைப்பு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இந்தியாவிலிருந்து வந்த எவரெஸ்ட் மீன் குழம்பு மசாலாவில் எத்திலீன் ஆக்ஸைடு அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தது. அதை இறக்குமதி செய்த நிறுவனம் கடைகளிலிருந்து மீட்டுக்கொள்ள வேண்டும் என்றது அது. ஹாங்காங் அதிகாரிகள்தான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். செய்தியைப் படித்துவிட்டு அம்மாவிடம் கேட்டேன்: "நம் வீட்டு மீன் மசாலா எந்த நிறுவனத்துடையது?" அம்மா பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "நல்ல மசாலாதான்" என்றார்.

மூக்குக்கு அது தெரியாது. எத்திலீன் ஆக்ஸைடு ஒரு வாயு. மருத்துவமனைக் கருவிகளைக் கிருமி நீக்கம் செய்யவும் அதையே பயன்படுத்துகிறார்கள். மிளகாயும் மல்லியும் வெயிலில், களத்தில், மண்ணுக்குப் பக்கத்தில் காய்பவை. கிருமிகள் ஒட்டுவது இயல்பு. சூட்டில் கொன்றால் மணம் போய்விடும். வாயுவைச் செலுத்தினால் கிருமி சாகும், மணம் நிற்கும். வணிகருக்கு இது வசதி. மசாலாப் பொருள்களைக் கிருமி நீக்கம் செய்ய சிங்கப்பூரின் உணவு விதிமுறைகளும் இதை ஓர் அளவுக்குள் அனுமதிக்கின்றன. சிக்கல், மிச்சம் தங்கிவிடும்போது. இந்த வாயுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வைத்திருக்கிறது. சிறிய அளவில் உண்டவருக்கு உடனடி ஆபத்து இல்லை. நீண்ட காலம் தொடர்ந்து உடலுக்குள் போவதுதான் கவலை என்று உணவு அமைப்பும் அப்போதே விளக்கியது. ஒரு முறை மீன் குழம்பு சாப்பிட்டதற்காக இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம்.

[காட்சி: அடுப்பில் கொதிக்கும் குழம்பு.]

"எப்படியும் கொதிக்கத்தானே வைக்கிறோம்?" இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணவே இல்லை. கொதி எதைக் கொல்லும், எதைக் கொல்லாது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

காப்பிக்கடைக்கு வாருங்கள். காயா (தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்த்த பசை) தடவிய ரொட்டி, அரைவேக்காட்டு முட்டை இரண்டு, மேலே சோயா சாறும் வெள்ளை மிளகுத்தூளும். 2021 மார்ச்சில் மலேசியப் பண்ணை ஒன்றின் முட்டைகளை மீட்டுக்கொள்ளச் சொன்னார்கள்; காரணம், சால்மொனெல்லா என்டெரிடிடிஸ் என்ற பாக்டீரியா. இது நன்றாக வெந்தால் செத்துவிடும். வெள்ளைக் கருவும் மஞ்சள் கருவும் கெட்டியாகும்வரை வேகவைத்தால் பயமில்லை. ஆனால் அரைவேக்காட்டில் அது பிழைத்துக்கொள்ளும். நம் காலை உணவுக்கு இது கசப்பான செய்திதான், என்ன செய்வது.

சாக்லேட்டின் கதை வேறு. 2022இல் பெல்ஜியத்தின் ஆர்லோன் நகரத் தொழிற்சாலையில் செய்த கிண்டர் சாக்லேட்டுகளை சிங்கப்பூர் உட்படப் பல நாடுகள் மீட்டுக்கொண்டன. அங்கும் சால்மொனெல்லாதான், நோயுற்றவர்களில் பெரும்பாலோர் சிறு பிள்ளைகள். சாக்லேட்டை யாரும் கொதிக்க வைத்துத் தின்பதில்லை. போதாக்குறைக்கு, அதிலுள்ள கொழுப்பு பாக்டீரியாவுக்குக் கவசம் மாதிரி.

இனி மசாலா. எத்திலீன் ஆக்ஸைடு ஆவியாகக்கூடியதுதான். ஆனால் உணவிலுள்ள குளோரைடுடன் சேர்ந்து 2-குளோரோஎத்தனால் என்ற எச்சமாக மாறித் தங்கிவிடும். ஆகவே "கொதித்தால் சரியாகிவிடும்" என்பது முட்டைக்குப் பொருந்தும், பொடிக்குப் பொருந்தாது.

ஒவ்வாமைக்கு அடுப்பு துளியும் உதவாது. நிலக்கடலை, பால், முட்டை, இறால் போன்றவை கலந்திருந்தால் பொட்டலத்தில் எழுத வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். எழுதாமல் விட்டதற்காகவே பல பொருள்கள் கடையிலிருந்து எடுக்கப்படுகின்றன. அந்தப் பொருள் கெட்டுப்போனதல்ல. உங்களுக்கு அது சுவையான பிஸ்கட்; பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூச்சை அடைத்துவிடும்.

[காட்சி: கைப்பேசித் திரையில் ஓர் அறிவிப்பு.]

அறிவிப்பு வந்ததும் பெரும்பாலோர் படத்தை மட்டும் பார்த்துவிட்டு அதைக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் தள்ளிவிடுகிறார்கள். "இந்தியா மசாலா எல்லாமே விஷமாம்" என்று அது திரும்பி வரும்போது ஒரு பொட்டலம் ஒரு நாடாகிவிட்டிருக்கும். பொருளின் பெயர், எடை, எந்த நாட்டில் செய்தது, காலாவதித் தேதி, எந்தத் தயாரிப்புத் தொகுதியில் (batch) செய்தது என்று காட்டும் தொகுதி எண்: இவைதான் படிக்க வேண்டியவை. சில அறிவிப்புகள் ஒரே ஒரு தேதிக்கு மட்டும். முட்டைக்கு ஓட்டிலேயே அச்சிட்ட பண்ணைக் குறியீடு இருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் சாப்பிடாதீர்கள். வாங்கிய கடையில் கேளுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டு உடம்பு சரியில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். அக்கம்பக்கத்தினருக்குக் கொடுத்துவிடாதீர்கள். சிரிக்க வேண்டாம், வீணாக்க மனமில்லாமல் இதைச் செய்கிறவர்கள் உண்டு.

ஊரிலிருந்து பெட்டியில் வரும் பொடிகள் வேறு கணக்கு. மீட்டுக்கொள்ளும் உத்தரவு இங்குள்ள இறக்குமதியாளருக்கும் கடைக்கும் போகிறது. சித்தி துணிகளுக்கு நடுவே வைத்து அனுப்பிய பொட்டலத்தை யாரும் தேடி வரமாட்டார்கள்.

சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. எல்லாப் பொட்டலத்தையும் பிரித்துச் சோதித்துவிட்டுக் கடைக்கு அனுப்புவது நடக்காத காரியம். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் புதிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. படிப்படியாக 2028க்குள் அது முழுமையாக நடப்புக்கு வரும். உணவு எங்கிருந்து வந்தது, யாருக்குப் போனது என்ற பதிவை வணிகர்கள் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் முக்கியக் கூறுகளில் ஒன்று. ஆனால் அந்தப் பதிவு கடை வாசலோடு நின்றுவிடும். அங்கிருந்து உங்கள் அலமாரிவரை பொட்டலத்தின் அச்சுதான் சாட்சி.

[காட்சி: மீண்டும் சமையலறை. கத்தரிக்கோல், ரப்பர் பேண்டு.]

அம்மா இப்போது தேதியும் தொகுதி எண்ணும் உள்ள பட்டையைக் கத்தரித்து, பாட்டிலின் கழுத்தில் ரப்பர் பேண்டால் கட்டிவைக்கிறார். மீன் மசாலா பாட்டிலை அருகில் காட்டுங்கள். ஆம், அதில் இரண்டு பட்டைகள் இருக்கின்றன. பழையது தீர்வதற்குள் புதியதைக் கொட்டிவிட்டார்.