செவ்வாயின் கடைமடைக்காரர்கள்

(பாளையங்கோட்டையில், வீடியோ கேமுக்குக் கதை எழுத விரும்பும் மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். நீங்கள் எழுதிக் கொடுத்த அறிவியல் புனைகதைச் சுருக்கங்களைப் படித்தேன். பெரும் போர்கள், வம்ச வரலாறுகள், விண்கலங்களின் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன, ஆனால் அந்த உலகத்தில் குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அதை யார் பங்கு வைக்கிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. தாமிரபரணித் தண்ணீர் குடித்த நாம் இதை விடலாமா?

பாபநாசத்துப் பக்கம் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள். அணைக்கட்டிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்து மடையிலிருந்து வயல். மேல்மடைக்காரர் வயல் நிறைந்த பிறகுதான் கடைமடைக்கு வரும், வராமலும் போகும். யார் பெரியவர், யாருக்கு யார்மேல் கோபம், எந்த வீட்டில் பெண் எடுப்பார்கள், எல்லாமே இந்த ஓட்டத்தோடு பின்னிக் கிடக்கும். ஒரு விளையாட்டுக்கு வேண்டிய கட்சியும் பகையும் இதிலிருந்தே முளைத்துவிடும்.

சரி, இதைச் செவ்வாய்க்குக் கொண்டுபோவோம். அங்கே தரைக்கு அடியில் தண்ணீர் பனிக்கட்டியாக இருக்கிறது. மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பு இருப்பதை 2008-இல் ஃபீனிக்ஸ் விண்கலம் கண்டறிந்தது. அது தைராய்டைக் கெடுக்கக்கூடியது. அதனால் விதைப்பதற்கு முன்னால் மண்ணைக் கழுவ வேண்டும், கழுவத் தண்ணீர் வேண்டும், பனியை உருக்க மின்சாரம் வேண்டும். இருக்கிற தண்ணீரைக் குடிப்பதா, மண்ணைக் கழுவுவதா? இந்தக் கேள்வி கிடைத்துவிட்டால் உங்களுக்கு வில்லனே தேவைப்படாது.

ஆனால் இதை ஒரு பெரியவர் நின்று பத்து நிமிடம் விளக்கினார் என்றால், ஆடுகிறவர் பட்டனை அமுக்கித் தாண்டிப் போய்விடுவார், அவர்மேல் தப்பே இல்லை. விளக்காதீர்கள். வால்வைத் திறக்கிற சாவியை அவர் கையில் கொடுங்கள். மேல் கூடாரத்துக்குத் திறந்துவிட்டால் கீழ்க் கூடாரத்துப் பயிர் வாட வேண்டும். மறுநாள் அங்கே கடை வைத்திருக்கிற அக்கா இவரைப் பார்த்ததும் ஷட்டரை இறக்க வேண்டும், ஒரு வார்த்தை பேசாமல். கதை எழுதுகிறவர் வேலை அந்த ஷட்டர்தான்.

அப்புறம் தூரம். பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு செய்தி போய்ச்சேர ஏறத்தாழ 3 முதல் 22 நிமிடம் ஆகும், கிரகங்கள் நிற்கிற இடத்தைப் பொறுத்து. அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா "ஏய்யா, சாப்பிட்டியா?" என்று கேட்டால் பதில் அவள் காதில் விழ முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். நேருக்கு நேர் பேசுவதுபோல இரண்டு பேருக்கும் உரையாடல் எழுதி வைத்தால் அந்த உலகமே பொய்யாகிவிடும். தாமதத்தையே ஆட்ட விதியாக்குங்கள். செவ்வாயில் குழாய் வெடித்து ஆடுகிறவர் ஓடிக்கொண்டிருக்கிறார், அந்த நேரத்தில் அம்மாவின் கேள்வி வருகிறது, அவரால் பதில் போட முடியவில்லை, கொஞ்ச நேரத்தில் எதுவும் தெரியாத அவளுடைய அடுத்த செய்தி வருகிறது, எதிர்வீட்டுக் கல்யாணத்தைப் பற்றி. அதைவிடப் பெரிய சோகக் காட்சியை என்னால் எழுத முடியாது.

கேமின் நிலப்பரப்பை வரைகிறவர்கள் குதிரைமொழித் தேரிக்கு, அந்தச் செம்மணல் மேட்டுக்கு, ஒருமுறை போய் வாருங்கள். அந்தச் சிவப்பும் செவ்வாயின் சிவப்பும் இரும்பு ஆக்சைடு தந்தவை. ஈர்ப்பு மட்டும் அங்கே நம்முடையதில் 38 சதவீதம், நடையும் குதிப்பும் மாற வேண்டும்.

இன்னொன்று, இது எனக்கு ரொம்ப முக்கியம்: நெல்லைப் பேச்சைக் காமெடி பாத்திரத்துக்கு மட்டும் கொடுக்காதீர்கள். நம் நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோவின் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். உங்கள் தலைமைப் பொறியாளர் நம்மைப்போலவே பேசட்டும்.

ட்வைன் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, ஆடுகிறவர் எடுக்கிற முடிவுக்கேற்பக் கிளை பிரிகிற கதையைக் கோடிங் தெரியாமலே எழுதலாம். அதில் அந்த வால்வுக் காட்சியை மட்டும் எழுதி ஒருவரை ஆடச் சொல்லுங்கள். பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து, அவர் எதைப் படிக்காமல் தாண்டுகிறார் என்று குறித்துக்கொண்டு, முதலில் அந்த வரிகளை வெட்டுங்கள்.